முதற் பட்டதாரி: சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள்

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சட்டத்தால் தோற்றுவிக்கப்பெற்றது. அதன் முதல் பி. ஏ. பரீட்சையிலே தேறிப் பட்டம் பெற்றோர் இருவர். அவ்விருவரும் சென்னையிற் பிறந்தவரல்லர். சோழ நாட்டினரோ பாண்டிய நாட்டினரோ அல்லர். கடல் கடந்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர். ஒருவர் கறோல் விசுவநாத பிள்ளை. மற்றவர் சி. வை. தாமோதரம் பிள்ளை. பின்னவரைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் ஏட்டினின்று அச்சுக்குக் கொண்டுவந்த பெருமகனாராக அறிவர். அவர் நம் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரியுமாவார் என்பதை அறிந்தோர் அத்துணைப் பலரல்லர்.

இச்செய்தியை யான் ஓரிரவு வீட்டில் உணவருந்துங்கால் என் தமையனாரிடம் கூறினேன். எங்கள் வீடு ஒரகடத்தை அடுத்தது. தமையனார் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு இயந்திரப் பொறியியல் பயின்று டிப்ளமோ பெற்றவர். ஒரகடத்திலுள்ள உதிரிப்பாகத் தொழிற்சாலையொன்றில் இரண்டாண்டு ஷிப்ட் முறையில் உழைத்தவர். அதன்பின் பொறியியற் கல்லூரியொன்றிலே நேரே இரண்டாமாண்டு வகுப்பிற் சேர்ந்தவர். சேர்ந்து ஓராண்டாகிறது. கணக்குப் பாடத்தில் இரண்டு தாள்கள் அவருக்கு இன்னும் நிலுவையில் நிற்கின்றன. யான் கூறியதைக் கேட்டு அவர் கேட்ட கேள்வி ஒன்றே. அந்த முதற் பட்டதாரி எந்தக் கல்லூரியிற் படித்தார் என்றார்.

எனக்கு உடனே விடை கூறக் கூடவில்லை. ஏனெனில் அச்சர்வகலாசாலையைச் சேர்ந்த கல்லூரி எதிலும் அவர் பட்டத்துக்கென்று படித்தவரல்லர். அவர் படித்த கலாசாலை வேறொரு நாட்டில், வேறோர் அரசின்கீழ், வேறொரு பாடத்திட்டத்தோடு நடந்தது. பரீட்சைக்கு அவர் அமர்ந்தபோது அக்கலாசாலை மூடப்பட்டும் போயிற்று. அங்ஙனமாயின் அவர் எவ்வாறு தேறினார்? இவ்வினாவே அவர் சரித்திரத்தை யான் மீண்டும் தேடிப் படிக்கக் காரணமாயிற்று.

தாமோதரம் பிள்ளையவர்கள் 1832-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சிறுப்பிட்டி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வைரவநாதர், தாயார் பெருந்தேவியம்மையார். ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் தந்தை பெயரின் முதலெழுத்தும் கூடிச் ‘சி. வை.’ என்றாயின. அமெரிக்க மிஷன் பள்ளிகளிற் சேரும் பிள்ளைகளுக்கு அந்நாட்டு அன்பர்களின் பெயரை இடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. அவ்வாறு இவருக்கு வாய்த்த பெயர் சார்ல்ஸ் வின்ஸ்லோ. ஆகவே ஆங்கிலத்தில் எழுதினும் ‘ஸி. டபிள்யூ.’ என்றே முதலெழுத்துக்கள் அமைந்தன. இரண்டு உலகங்களும் ஒரு கையொப்பத்திலே பொருந்திக்கொண்டமை இவர் வாழ்க்கைக்கு நல்ல அடையாளமென்றே எனக்குத் தோன்றுகிறது.

இளமையிலே இவருக்குத் தமிழ் கற்பித்தவர் சுன்னாகம் முத்துக்குமார கவிராயர். நிகண்டும் நீதி நூல்களும் இலக்கணமும் மனப்பாடமாகப் பயிலும் பழைய திண்ணைப் படிப்பு அது. அத்துடன் தெல்லிப்பழை மிஷன் பள்ளியில் ஆங்கிலம் தொடங்கிற்று. பன்னிரண்டு வயதளவில், 1844-ஆம் ஆண்டு, வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்தார். எட்டாண்டுகள் அங்கே பயின்றார்.

இவ்வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றிச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். இவர் சரித்திரத்தின் திறவுகோல் அங்கேதான் கிடக்கிறது. 1823-ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திலே தமிழ் இளைஞர்க்கு ஒரு கல்லூரி நிறுவக் கருதித் திட்டமொன்று அச்சிட்டு வெளியிட்டனர். இலங்கையரசு கல்லூரிக்குரிய உரிமைப் பத்திரம் வழங்கவில்லை. ஆதலால் கல்லூரி என்னும் பெயர் அதற்கு வாய்க்கவில்லை. செமினரி என்ற பெயரோடே நடந்தது. பட்டம் வழங்கும் உரிமையும் அதற்கு இல்லை. ஆயினும் பாடத்திட்டம் மட்டும் முதலிற் கருதிய கல்லூரித் திட்டத்தைப் பின்பற்றியே அமைந்தது. முதல் தலைவர் டானியல் பூர் என்பவர். பெயரைப் பறித்த அரசு பாடத்தைப் பறிக்கவில்லை, பறிக்க நினைக்கவுமில்லை.

அங்கே என்னென்ன கற்பித்தனர்? ஆங்கிலமும் தமிழும் இணையாகக் கற்பித்தனர். எண்கணிதம், வீசகணிதம், யூக்கிளிடின் கேத்திர கணிதம், திரிகோண கணிதம் ஆகியன உண்டு. இயற்கைத் தத்துவம், வானசாஸ்திரம், பூகோளம், சரித்திரம், தருக்கம் ஆகியவும் உண்டு. வேதாகமப் படிப்பும் கிறிஸ்து மதச் சான்றுகளும் நாள்தோறும் உண்டு. தமிழிற் குறளும் நன்னூலும் பாடமாயிருந்தன. மிஷனரிமார் அன்னிய நூலைமட்டும் புகுத்தினர் என்று கூறுவோர் ஹொய்சிங்டன் என்பாரை நினைத்தல் நலம். இவர் பயின்ற காலத்தில் செமினரியின் தலைவராயிருந்த அவர் நம் நாட்டு வானசாஸ்திரத்தை ஆராய்ந்து, 1848-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அச்சுக்கூடத்தில் ஒரு நூல் பதிப்பித்தார். சிவஞான போதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. அவருக்குப்பின் தலைவரானவர் சைரஸ் மில்ஸ். அவரும் அவர் மனைவி சூசனும் பின்னர்க் கலிபோர்னியாவிலே பெண்களுக்குக் கல்லூரியொன்று நடத்தினர். அவர்கள் பெயர் தாங்கிய அக்கல்லூரி 2022-ஆம் ஆண்டிலே நார்த்ஈஸ்டர்ன் சர்வகலாசாலையோடு இணைந்தது. ஒரு கலாசாலை மூடியும் இணைந்தும் போகுங்கால் நடுவழியில் நிற்கும் மாணாக்கரின் கதி யாதாம் என்னும் கேள்வி வட்டுக்கோட்டையோடு முடியவில்லை.

இலங்கையரசின் செயலாளராயிருந்த சர் எமர்சன் டெனன்ட் 1850-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில் இச்செமினரியை ஐரோப்பாவிலுள்ள பல சர்வகலாசாலைகளோடு ஒப்பவைத்துப் புகழ்ந்திருக்கிறார். புகழ்ச்சியில் சிறிது மிகையிருக்கலாம். எனினும் அவர் பாதிரியாரல்லர், அரசு அதிகாரி என்பதை நினைக்க வேண்டும்.

இங்குதான் விசுவநாத பிள்ளையைத் தாமோதரம் பிள்ளை ஆசிரியராகப் பெற்றார். விசுவநாத பிள்ளை கணிதத்திற் பெரிய வல்லவர். வீசகணிதத்தைத் தமிழில் நூலாக எழுதியவர். பன்னிரண்டாண்டு மூத்தவர். ஆசிரியராகவும் மாணாக்கராகவும் வட்டுக்கோட்டையில் இருந்த இவ்விருவரே பின்னொருநாள் சென்னையில் ஒரே பரீட்சைக்கு ஒருங்கே சென்றனர். இருவருள் இளையவரே முதல்வராகத் தேறினார் என்பது வழிவழி வந்த செய்தி. ஆசிரியருக்கு அதனால் வருத்தமுண்டாயிற்றோ மகிழ்ச்சியுண்டாயிற்றோ யான் அறியேன். மகிழ்ச்சியென்றே கொள்ள விரும்புகிறேன்.

1852-ஆம் ஆண்டிற் படிப்பு முடிந்தது. இவர் கோப்பாய்ப் போதனா பாடசாலையிலே ஆசிரியராயினார். இருபத்தோரு இருபத்திரண்டு வயதிலேயே நீதிநெறி விளக்கத்தை உரையுடன் பதிப்பித்தார். பிற்காலத்துப் பெரும்பதிப்புக்களுக்கு அதுவே விதை.

அதற்குள் வட்டுக்கோட்டையில் ஓர் இடி விழுந்தது. அமெரிக்கச் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் என்பவர் 1855-ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் திருச்சபை ஊழியத்துக்கு வராது அரசு உத்தியோகத்துக்கே ஓடுகின்றனர். சுவிசேஷத்துக்காகக் கொடுத்த பணம் குமாஸ்தாக்களை உண்டாக்கச் செலவாகலாகாது. தாய்மொழிக் கல்வியே போதும் என்பது அவர்தம் கொள்கை. செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. இக்கொள்கையில் நியாயம் சிறிதும் இல்லை என்று யான் கூறேன். தாய்மொழியிற் கற்பிக்க வேண்டுமென்பது நன்றே. ஆயினும் மூடியவர் ஒன்றை நோக்கவில்லை. இரண்டே ஆண்டில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் தோன்றின. அவற்றின் வாயிலுக்கு இட்டுச்செல்லத்தக்க பாதையொன்று முப்பத்திரண்டாண்டு உழைப்பால் யாழ்ப்பாணத்தில் அமைந்திருந்தது. வாயில் திறக்கும் தருவாயிலே பாதை அடைபட்டது. 1872-ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரோடு வட்டுக்கோட்டையில் மீண்டும் உயர்கல்வி தொடங்கும்வரை ஏறக்குறையப் பதினேழாண்டு இடைவெளி. அவ்விடைவெளியில் பதினாறு பதினேழு வயதாயிருந்த பிள்ளைகள் எத்தனைபேரோ! அவர்களுக்குச் சரித்திரம் எழுதுவாரில்லை.

தாமோதரம் பிள்ளை மூடுமுன் கடந்து வந்துவிட்டவர். பேர்சிவல் பாதிரியார் இவரைச் சென்னைக்கு அழைத்தார். யாழ்ப்பாணத்திலே பல்லாண்டு பணிசெய்து, ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கிய அதே பேர்சிவல்தான். அவர் சென்னையில் நடத்திய ‘தினவர்த்தமானி’ என்னும் பத்திரிகைக்கு இவர் ஆசிரியரானார். தமிழ் கற்க விரும்பிய ஆங்கிலேயர்க்கும் கற்பித்தார். மாநிலக் கல்லூரியிலே தமிழாசிரியராகவும் அமர்ந்தார். ஆக, இருபத்தைந்து வயதிற்குள் பள்ளியாசிரியர், பத்திரிகையாசிரியர், கல்லூரித் தமிழாசிரியர் என்னும் மூன்று தொழில்களையும் பார்த்துவிட்டார். பட்டம் ஒன்றே குறை.

அக்காலத்துச் சர்வகலாசாலையின் இயல்பை அறிந்தாலன்றி இவர் தேறிய விதம் விளங்காது. சென்னைச் சர்வகலாசாலை இலண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டு அமைந்தது. அது தானே கற்பிப்பதில்லை. பரீட்சிப்பது மட்டுமே அதன் தொழில். கற்பிப்பது கல்லூரிகளின் வேலை. ஆகவே பரீட்சையிற் கேட்கப்படுவது இன்னின்ன என்று முன்னரே அறிவிக்கப்படும். அவற்றை எங்கே கற்றாலும் கற்றதே. ஆங்கிலமும் வேறொரு மொழியும், கணிதமும் இயற்கைத் தத்துவமும், சரித்திரமும், தருக்கமும் ஒழுக்கத் தத்துவமும் அதில் இடம்பெற்றன. இவ்வரிசையை மேலே கூறிய வட்டுக்கோட்டை வரிசையோடு வைத்து நோக்குக. ஏறக்குறைய ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறது. ஒருவரோடொருவர் கலந்து பேசி அமைத்ததன்று. வட்டுக்கோட்டையார் தம் நாட்டுக் கல்லூரிகளை நோக்கி அமைத்தனர். சென்னையார் இலண்டனை நோக்கி அமைத்தனர். அகன்ற கல்வி இன்னதென்பதில் இருபாலார்க்கும் கருத்து ஒன்றாயிருந்தமையின் இடையிலே பள்ளம் விழவில்லை.

தாமோதரம் பிள்ளையின் அறிவுத் திறத்தால்மட்டுமே இது நடந்தது என்று பலர் எழுதுகின்றனர். அவர் அறிவை யான் குறைத்துக் கூறவில்லை. பத்திரிகை வேலையும் பள்ளி வேலையும் செய்துகொண்டே, படித்து முடித்து ஐந்தாண்டு கழிந்தபின், முன்மாதிரி ஒன்றும் இல்லாத பரீட்சைக்கு அமர்வது எளிதன்று. முந்தைய ஆண்டு வினாத்தாள் என்று ஒன்று இல்லாத பரீட்சையை நம் காலத்து மாணாக்கர் கனவிலும் எண்ணார்! எனினும் அவ்வறிவு ஏறிச்செல்லப் படிகள் இருந்தன. ஒரு படியேனும் இடையிற் காணாதிருந்தால் அவரும் தடுக்கி விழுந்திருத்தல் கூடும்.

படி காணாது தடுக்கினவர்களையும் நாம் அறிவோம். சர்வகலாசாலை தோன்றிச் சில ஆண்டுகளில் மெட்ரிகுலேஷனுக்கும் பி. ஏ.வுக்கும் நடுவே எப். ஏ. என்றொரு பரீட்சை வந்தது. ஜில்லா நகரங்களிற் பல கல்லூரிகள் எப். ஏ. வரையே கற்பித்தன, இரண்டாந்தரக் கல்லூரி என்பது அவற்றின் பெயர். அங்கே தேறியவர் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ திருச்சிராப்பள்ளிக்கோ பெயர்ந்து பி. ஏ. வகுப்பிற் சேர்வர். அந்த எப். ஏ. பிற்காலத்தில் இன்டர்மீடியட் ஆயிற்று, அதன்பின் பி. யூ. சி. ஆயிற்று, 1978 முதல் மேனிலைப் பள்ளியின் பதினோராம் பன்னிரண்டாம் வகுப்புக்களாய்ப் பள்ளிக்கே போய்விட்டது. இப்படி நம் நாட்டிலே கல்வியின் மூட்டுவாய் அடிக்கடி இடம் மாறிற்று. மூட்டு எங்கே இருப்பினும் முறிவது அங்கேதான். கணித மேதை இராமாநுஜன் கும்பகோணத்திலும், பின் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் எப். ஏ. வகுப்பிற் பயின்றும் அப்பரீட்சையிலே தேறவில்லை. கணிதமொழிந்த பாடங்களிலே அவர் மனம் செல்லவில்லை. ஒரே சர்வகலாசாலையின் முதற் பட்டதாரியையும் பட்டம் பெறாத அம்மேதையையும் அருகருகே வைத்து எண்ணும்போது, பரீட்சை என்னும் அளவுகோலின் பெருமையும் சிறுமையும் ஒருங்கே புலனாகின்றன.

என் தமையனாரின் செய்தியை இங்கே கூறுவது பொருத்தமாகும். டிப்ளமோ பெற்றோர் பொறியியற் கல்லூரியில் முதலாண்டை விட்டு மூன்றாம் பருவத்திலே சேர்கின்றனர். மூன்றாண்டுத் தொழிற்படிப்பை மதித்து அளித்த சலுகை அது, நல்ல சலுகையே. ஆயினும் மூன்றாம் பருவத்திலே கணக்குத் தாள் ஃபூரியே தொடரிலும் பகுதி வகைக்கெழுச் சமன்பாட்டிலும் தொடங்குகிறது. அதற்கு வேண்டிய நுண்கணிதத்தையும் அணிகளையும் மற்ற மாணாக்கர் முதலாண்டிலே இரண்டு பருவமாகக் கற்றிருப்பர். பாலிடெக்னிக்கிலும் நுண்கணிதம் உண்டு. ஆனால் அது பட்டறைக்கு வேண்டிய அளவிலே நிற்பது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குச் செல்லும்போது இடையில் விடும் இரண்டு படிகள் மற்றவர்க்குத் தெரிந்தவை, இவர்க்குத் தெரியாதவை. மாறாக, கடைசல் எந்திரத்தையும் அளவுக் கருவிகளையும் பற்றிய செய்முறை வகுப்பில் இவர் அறிந்ததை மற்றவர் அறியார். அங்கே இவர் சும்மா நிற்கிறார். அறிந்ததை மீண்டும் கற்பதும் அறியாததைக் கற்றதாக எண்ணப்படுவதும் ஒரே வாரத்தில் நிகழ்கின்றன. அவ்வகுப்பில் இவரைப்போல் வந்தவர் பலர். ஒருவர் விட்டுவிட்டு மீண்டும் தொழிற்சாலைக்கே சென்றுவிட்டாராம்.

இதற்கு யாரைக் குறைகூறுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாலிடெக்னிக்கார் தம் பாடத்தை ஒழுங்காகவே கற்பித்தனர். கல்லூரியாரும் தம் பாடத்தை ஒழுங்காகவே கற்பிக்கின்றனர். இரண்டு ஒழுங்குகளுக்கும் நடுவிலே இருப்பது ஒருவருடைய பொறுப்புமன்று. முதலாண்டுக் கணக்கை விடுமுறைக் காலத்தில் இவர்களுக்கு ஆறு வாரம் கற்பித்தல் அத்துணை அரிதோ? செய்முறை வகுப்பில் வீணாகும் நேரத்தையேனும் அதற்குக் கொடுக்கலாகாதோ? கேட்பது எளிது, நடத்துவோர்க்குத் தெரியும் அருமை. மீண்டும் சரித்திரத்துக்கு வருகிறேன்.

பட்டம் பெற்றபின் தாமோதரம் பிள்ளையவர்கள் பல உத்தியோகங்கள் வகித்தார். கள்ளிக்கோட்டை அரசினர் பாடசாலையில் துணைத் தலைமையாசிரியராக இருந்தார். பின்பு சென்னையில் அரசின் வரவு செலவுக் கணக்குச் சாலையிலே அமர்ந்து, படிப்படியாக உயர்ந்தார். தமிழாசிரியராயிருந்தவர் கணக்கு வேலைக்குச் சென்றது வியப்பாகத் தோன்றலாம். விசுவநாத பிள்ளையின் மாணாக்கர்க்கு அது வியப்பன்று. உத்தியோகத்திலிருந்துகொண்டே சட்டம் பயின்று 1871-ஆம் ஆண்டில் பி. எல். பட்டமும் பெற்றார். அப்போது வயது முப்பத்தொன்பது. பகலெல்லாம் கணக்குச் சாலை, இரவெல்லாம் சட்டப்புத்தகம் என்னும் வாழ்க்கையை ஷிப்ட் முடிந்து வந்து புத்தகம் விரிக்கும் ஒரகடத்து இளைஞர் நன்கறிவர்.

1882-ஆம் ஆண்டில் அரசு வேலையினின்று நீங்கிக் கும்பகோணத்தில் வக்கீலாயினார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நியாயாதிபதியாக இருந்தார். 1895-ஆம் ஆண்டில் அரசினர் இராவ்பகதூர் பட்டம் அளித்தனர். இவையெல்லாம் அவர் காலத்துப் பலருக்கும் வாய்த்தவையே. அவருக்கே உரிய வேலை வேறு.

சர்வகலாசாலை தமிழையும் ஒரு பாடமாக ஏற்றது. ஆனால் உயர்வகுப்பில் வைத்துக் கற்பிக்கப் பழைய நூல்கள் எங்கே? ஏட்டிலே இருந்தன. ஏடுகளோ மடங்களிலும் கவிராயர் வீடுகளிலும், பரண்களிலும், கறையான் வாயிலும் கிடந்தன. திண்ணையிற் படித்தவனுக்கு ஆசிரியர் வாய்ச்சொல்லே நூல். கல்லூரி மாணாக்கர்க்கோ ஒரே பாடம் நூறு கைகளில் ஒரே வகையாக இருத்தல் வேண்டும். முத்துக்குமார கவிராயரிடம் ஏடு சுமந்தும் சென்னையில் அச்சுப் பார்த்தும் இருகரையும் அறிந்த ஒருவர் இவ்வேலைக்குத் தேவைப்பட்டார்.

1868-ஆம் ஆண்டில் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் வெளியிட்டார். 1881-இல் வீரசோழியம் வந்தது. 1883-இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும் வந்தன. 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891-இல் தொல்காப்பிய எழுத்ததிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடன். எட்டுத்தொகையுள் முதலில் அச்சேறியது இவர் பதிப்பித்த கலித்தொகையே என்பதை மாணாக்கர் நினைவிற் கொள்ளல் வேண்டும். புறநானூறு அதன்பின் ஏழாண்டு கழித்தே வெளிவந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காக ஆறாம் வாசகம், ஏழாம் வாசகம் என்னும் பாடப்புத்தகங்களும் இவர் எழுதினார். யாழ்ப்பாணத்தில் ஏழாலை என்னும் ஊரிலே பள்ளியொன்றும் நிறுவினார். ஏழாம் வாசகம் படிக்கும் சிறுவனுக்கும் தொல்காப்பியம் படிக்கும் பட்டதாரிக்கும் ஒருவரே நூல் செய்து தந்தது, படிகளின் அருமையை அறிந்தவர் செய்யும் செயலன்றோ?

அவர் பதிப்பிற் பிழையே இல்லை என்பார் உண்மை கூறாதவர். பொருளதிகாரம் ஒன்பது இயல்களுக்கும் உள்ள உரை நச்சினார்க்கினியருடையதே என்று கருதி அவ்வாறே வெளியிட்டார். பின்னான்கு இயல்களுக்கு அவ்வுரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் ரா. இராகவையங்கார் ஆராய்ந்து நிறுவினார். ஆனால் ஆராய்வதற்கு நூல் கையில் இருந்ததனாலன்றோ அவ்வாராய்ச்சி நிகழ்ந்தது! எங்கள் வகுப்பில் இவ்விஷயத்தை ஆசிரியர் விளக்கியபோது யாவரும் சிரித்தோம். அடுத்த நொடியே அவர் கேட்டார், சிதைந்த ஏடு ஒன்றை ஒருபக்கமேனும் படிக்கக்கூடியவர் உங்களில் எவர் என்று. ஒருவர் கையும் எழவில்லை.

கும்பகோணத்தில் இவர் வக்கீலாயிருந்த காலத்தில் அங்குள்ள கல்லூரியிலே மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் தமிழாசிரியராயிருந்தார், 1880-இலேயே அவ்வேலையில் அமர்ந்தவர். சிந்தாமணியை அச்சிட வேண்டுமென்னும் விருப்பம் இருவர்க்கும் உண்டு. அது ஐயரவர்கள் கையாலேயே 1887-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இருபெரும் பதிப்பாசிரியர் ஓரூரில் வாழ்ந்தபோது இடையே சிறிது உரசல் இருந்திருப்பினும் வியப்பில்லை. தமிழுக்கு இருவரும் தேவை. ஒருவர் மடத்துத் தமிழின் வழிவந்தவர். மற்றவர் திண்ணையும் செமினரியும் சர்வகலாசாலையும் கடந்து வந்தவர்.

பதிப்புக்களால் இவருக்குப் பொருள் சேரவில்லை, கைப்பொருளே செலவாயிற்று. வக்கீல் தொழிலில் வந்தது அச்சுக்கூடத்துக்குச் சென்றது.

சமயத்தைப் பற்றியும் ஒரு சொல். இளமையிற் கிறிஸ்தவராய் வளர்ந்து ஆதியாகமக் கீர்த்தனம் பாடிய இவர் பின்னர்ச் சைவராகிச் சைவ மகத்துவம் எழுதினார். அவர் ஆசிரியர் விசுவநாத பிள்ளையும் அவ்வாறே. மிஷன் கல்லூரி மலரில் இதனை மறைத்து எழுதுவோரும் உண்டு; மறைப்பதனால் யாருக்கும் பயனில்லை. வட்டுக்கோட்டையார் ஊட்டிய கல்வி, உண்டவர் எவ்வழி சென்றபோதும் அவரைத் தாங்கிற்று. அவர் மைந்தருள் ஒருவரான அழகசுந்தரம் கிறிஸ்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயரோடு தமிழ்ப் பேராசிரியராய் விளங்கினார் என்பது ஒரு விந்தை.

தாமோதரம் பிள்ளையவர்கள் 1901-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் நாள் சென்னைப் புரசைவாக்கத்தில் தம் அறுபத்தொன்பதாவது வயதிலே காலமானார். புது நூற்றாண்டின் முதல் நாள் அது. அப்போது அவர் பட்டம் பெற்ற சர்வகலாசாலையின் கீழ்ப் பல கல்லூரிகள் நடந்தன. வட்டுக்கோட்டையில் மீண்டெழுந்த கல்லூரியோ கல்கத்தாச் சர்வகலாசாலையோடு தன் பாடத்தைப் பொருத்திக்கொண்டிருந்தது. ஒருகாலத்தில் தானாகப் பொருந்தியதை இப்போது முயன்று பொருத்த வேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் தொகுத்து எழுதி முடித்த ஞாயிற்றுக்கிழமை மாலை என் தமையனாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் மேசைமேல், அடுத்த தெருப் பெண்ணொருத்தியிடம் இரவல் வாங்கிய முதலாண்டுக் கணக்குப் புத்தகம் விரிந்து கிடந்தது. அவள் அதே கல்லூரியில் இப்போதுதான் முதலாண்டு முடித்தவள். வாரம் இருமுறை வந்து இவருக்கு நுண்கணிதம் கற்பிக்கிறாள். இவர் அவளுக்கு எந்திர வரைபடம் கற்பிக்கிறார். என் கட்டுரையில் வட்டுக்கோட்டைப் பாடவரிசை வந்த இடத்தில் மட்டும் நிறுத்தச் சொல்லி, அதனை மறுபடி ஒருமுறை படிக்கக் கேட்டார். திரிகோண கணிதம் வரை அவரும் தேறிவிடுவாராம். நவம்பரில் நிலுவைத் தாள்களுள் ஒன்றேனும் எழுதக் கருதியிருக்கிறார்.